ஃபார்ம் என்னும் சனிப்பெயர்ச்சி

2024 டிசம்பர் கடைசி வாரம். மெல்போர்னில் டெஸ்ட் மேட்ச். நம்மூரில் அதிகாலை ஐந்து மணிக்கே ஆட்டம் தொடங்கிவிடும் என்பதால் எங்கள் தெருமுனை டீக்கடையிலும் கூட்டம் சீக்கிரமே சேர்ந்துவிடும். கோலி அவுட் ஆனதும் வழக்கமாக வரும் வங்கி சார் (ரிட்டயர் ஆகி பத்து வருஷம் ஆகிறது) சொன்னார்: "அவன் ஃபார்ம்ல இல்லப்பா." உடனே ஒரு பையன், "பெர்த்ல நூறு அடிச்சானே சார்?" என்றான். "அது போன மாசம்." அத்தோடு அந்த விவாதம் முடிந்தது.

எனக்கு அந்த "போன மாசம்" பிடித்திருந்தது. சனி பெயர்ந்துவிட்டார், இனி ஏழரை என்று ஜோசியர் சொல்கிற தொனி. நம் ரசிகர்களின் பேச்சில் ஃபார்ம் என்பது ஆட்டக்காரர் செய்கிற காரியம் இல்லை, அவர்மேல் வந்து உட்காருகிற கிரகம். வரும், போகும், திரும்ப வரும். ஏன் ரன் அடிக்கவில்லை? ஃபார்ம் இல்லை. ஃபார்ம் இல்லை என்று எப்படித் தெரியும்? ரன் அடிக்கவில்லையே. இந்த வட்டத்துக்குள் நாம் பல வருஷங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். டிவிக்காரர்கள் அதற்குக் கடைசி பத்து இன்னிங்ஸ் என்று ஒரு அட்டவணையும் போட்டுத் தருகிறார்கள்.

அந்த அட்டவணை எதை மறைக்கிறது என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 2003-04 ஆஸ்திரேலியத் தொடரில் சச்சின் முதல் மூன்று டெஸ்ட்களிலும் முதல் இன்னிங்ஸில் எடுத்தது 0, 1, 0. பிரிஸ்பேனில் எடுத்த அந்த முதல் பூஜ்யம் நடுவர் பக்னரின் எல்பிடபிள்யூ தீர்ப்பால் வந்தது. ஸ்டம்புக்கு மேலே போயிருக்க வேண்டிய பந்து அது என்று இன்றும் புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மெல்போர்ன் பூஜ்யம் லெக் பக்கம் போன பந்தில் லேசாக ஒரு தொடல், கீப்பர் கையில். இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் எண்களாக வரிசையில் நின்றதும் அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. அடுத்து சிட்னியில் கவர் டிரைவே ஆடுவதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு 436 பந்துகளில் 241 நாட் அவுட். அதை "ஃபார்முக்குத் திரும்பினார்" என்று எழுதினால், அந்த மனிதர் பத்து மணிநேரம் தனக்குப் பிடித்த ஷாட்டை ஆடாமல் கையைக் கட்டிக்கொண்டிருந்த உழைப்பு கணக்கில் வராமலே போய்விடுகிறது.

புஜாரா விஷயத்தில் நாம் செய்தது இன்னும் மோசம். 2018-19-இல் ஆஸ்திரேலியாவில் மூன்று சதம், 521 ரன். அடுத்த முறை, 2020-21-இல், 271 ரன்தான், சதம் கிடையாது. கம்மின்ஸ் ஐந்து தடவை அவரை அவுட் ஆக்கினார். அவருக்கு ஃபார்ம் போய்விட்டது, ரொம்ப மெதுவாக ஆடுகிறார் என்று ஊரே பேசியது. நானும் பேசியிருக்கிறேன், மறைப்பானேன். ஆனால் அந்தத் தொடரில் அவர் சந்தித்த பந்துகள் 928. கடைசி நாள் பிரிஸ்பேனில் 211 பந்து ஆடி 56 ரன். தோளில், விலாவில், ஹெல்மெட்டில், விரலில் என்று அடி வாங்கிக்கொண்டே நின்றார். ஆஸ்திரேலியாவின் பந்துவீச்சாளர்கள் களைத்த பிறகு பந்த் வந்து 89 நாட் அவுட் அடித்து ஜெயிக்கவைத்தார். நாம் பந்த்துக்கு விசில் அடித்தோம். ரன்னை மட்டும் எண்ணுகிறவனுக்கு ஒருவர் இன்னொருவருக்காக ஆடிக்கொடுத்த பந்துகள் தெரியாது. டெஸ்ட் கிரிக்கெட்டைப் பற்றிய பேச்சில் இதைவிடப் பெரிய குருட்டுத்தனம் இருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

கோலிக்கு வருகிறேன். 2014 இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன், ஆண்டர்சனிடம் நான்கு தடவை அவுட். 2018-இல் அதே நாட்டில், அதே பத்து இன்னிங்ஸில் 593 ரன், ஆண்டர்சனால் ஒரு தடவைகூட எடுக்க முடியவில்லை. இடையில் நடந்தது கிரகப்பெயர்ச்சி அல்ல. கிரீஸுக்கு வெளியே வந்து நின்று, ஸ்விங் ஆவதற்கு முன்பே பந்தைச் சந்தித்தார். கூடவே கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது: எட்ஜ்பாஸ்டனில் 21 ரன்னில் இருந்தபோது ஸ்லிப்பில் மலான் கேட்சை விட்டார். அந்தக் கேட்ச் பிடிபட்டிருந்தால் 149 இல்லை, தொடரைப் பற்றிய கதையும் வேறு.

இதுவரை சொன்னதெல்லாம் ஃபார்ம் என்ற சொல் சோம்பேறித்தனமானது என்பதற்கு. ஆனால் அது சோம்பேறித்தனம் மட்டும்தானா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. 2019 முடியும்வரை 84 டெஸ்ட்களில் கோலியின் சராசரி 55-ஐ ஒட்டி இருந்தது. அதற்குப் பிறகு 39 டெஸ்ட்களில் 2028 ரன், சராசரி 30.72. நம்மூர் ஸ்ரீகாந்த் தன் வாழ்நாளில் ஆடியதே 43 டெஸ்ட்தான். 2062 ரன், சராசரி 29.88. ஸ்ரீகாந்துக்கு ஃபார்ம் இல்லை என்று அவருடைய மொத்த ஆட்டத்தையும் பார்த்து யாரும் சொன்னதில்லை. அவர் ஆட்டம் அப்படி, அவ்வளவுதான். கோலி ஏறக்குறைய அதே அளவு ரன்னை ஐந்து வருஷமாக அடித்துக்கொண்டிருந்தபோது மட்டும் அதை ஃபார்ம் என்றோம். பெர்த் சதத்தை எடுத்துவிட்டால் அந்தக் கடைசி ஆஸ்திரேலியத் தொடரில் எட்டு இன்னிங்ஸில் 90 ரன். எட்டு தடவையும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தில் விளிம்பு பட்டு கீப்பரிடமோ ஸ்லிப்பிலோ கேட்ச். டீக்கடையில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது கண்ணெதிரே தெரிந்தது. அடுத்த பந்து எங்கே வரும், அவர் என்ன செய்வார் என்று அந்தப் பையனே சொன்னான்.

வயசாகிவிட்டது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஃபார்ம் போனால் திரும்பி வரும். வயசு வராது. வீட்டில் அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தால், "ராத்திரி சரியாத் தூங்கல, அதான்" என்று சொல்கிறோமே, அதே மாதிரி. ஆட்டக்காரர்களை அவன் இவன் என்று வீட்டுப்பிள்ளையாகப் பேசுகிற ஊரில் இந்தச் சலுகையும் சேர்ந்துதான் வரும்போல. விமரிசகனாக எனக்கு அது ஒப்பவில்லை. ரஞ்சியில் ரன் குவித்துவிட்டு ஓர் இடத்துக்காகக் காத்திருக்கும் பையன்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் இரண்டு டெஸ்டில் சொதப்பினால் அது ஃபார்ம் இல்லை, தகுதி இல்லை.

2025 மே 12. கோலி டெஸ்டிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்த அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். வங்கி சார் டீயைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஐபிஎல்ல ஐநூறு ரன் தாண்டிட்டான். நல்ல ஃபார்ம்ல இருக்கிறப்ப யாராச்சும் விடுவாங்களா, சொல்லுங்க?"

அந்த 30.72 என் போனில் இருந்தது. நான் எடுக்கவில்லை. "ஆமா சார்" என்றேன்.