தந்தையர் சொல்லாத கதை

கல்முனை முதல் ஒலுவில், அக்கரைப்பற்று ஈறாகவுள்ள கிழக்குக் கரையோர ஊர்களிலே, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி தாய்வழியே வருவது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் உரிமையும் பொறுப்பும் குடிவழியே பகுக்கப்பட்டு வந்தன. தந்தையின் குடி தந்தையோடு நின்றுவிடும். யூத சமய விதியும் இதற்கு ஒப்பானது. யூதத் தாயின் வயிற்றிற் பிறந்தவரே யூதர் என்பது அவர்தம் பழைய நெறி. இத்தகைய சமுதாயங்களிலே ஒருவன் தன் தந்தையின் முன்வரலாற்றைச் சிறிதும் அறியாமலே, குறைவற்ற குலப்பெயரோடு வாழ்ந்து முடித்தல் கூடும். பெயருக்கு முன்னே தந்தை பெயர் நிற்பது உண்மையே. பெயர் நிற்குமேயன்றிக் கதை நில்லாது.

அக்கதையைத் தேடிய நூல்களுள் அமெரிக்க யூத எழுத்தாளர் போல் ஓஸ்ரர் 1982இல் வெளியிட்ட ‘இன்வென்ஷன் ஒவ் சொலிடியூட்’ குறிப்பிடத்தக்கது. ஓஸ்ரரின் தந்தை யாரோடும் ஒட்டாத மனிதர். பாட்டனார் எவ்வாறு இறந்தார் என்று மகன் கேட்டபோதெல்லாம் வெவ்வேறு விடை வந்தது: ஏணியிலிருந்து விழுந்தார், வேட்டையில் இறந்தார், போரில் மடிந்தார். உண்மையோ வேறு. 1919ஆம் ஆண்டிலே, விஸ்கொன்சின் மாநிலத்துக் கெனோஷா நகரில், பாட்டியே பாட்டனாரைச் சுட்டுக் கொன்றார். சித்தசுவாதீனம் இழந்த நிலையிற் செய்தார் என நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், விமானப் பயணத்திலே உறவுப் பெண்ணொருத்தியின் பக்கத்தில் அமர்ந்த அவ்வூர் முதியவர் ஒருவரால் இது வெளிப்பட்டது. தற்செயல் இன்றேல் மௌனமே வென்றிருக்கும். பழைய செய்தித்தாள்கள் கொலையைக் கூறின; தந்தையின் உள்ளத்தைக் கூறவில்லை. குடும்பப் படமொன்றிலிருந்து பாட்டனாரின் உருவம் கிழித்து நீக்கப்பட்டிருந்தது; விரல் நுனிகள் மட்டும் எஞ்சியிருந்தன. நூல் முழுவதும் உணர்த்த முயலும் பொருளை அந்த விரல்கள் உணர்த்திவிடுகின்றன. பின்னர் வரும் விளக்கங்கள் சில மிகையென்றே தோன்றுகின்றன.

இலங்கையிற் பல்லாண்டு வாழ்ந்து, ஆங்கிலத்திற் கவிதை எழுதிய ஆன் ரணசிங்கவின் நிலை இதற்கு மறுதலையானது. ஜேர்மனியின் எஸ்ஸன் நகரில் 1925இல் யூதக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். 1938 நவம்பரில் அந்நகர்த் தொழுகைக்கூடம் எரிந்ததைக் கண்ட சிறுமி. அடுத்த ஜனவரியில் பதின்மூன்று வயதிலே தனியே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பெற்றோர் லொட்ஸ் சேரிக்கு நாடுகடத்தப்பட்டு, 1944இல் ஹெல்ம்னோவிற் கொல்லப்பட்டனர். இலங்கை மருத்துவர் ஒருவரை மணந்து கொழும்புக்கு வந்த அவரது முதற் கவிதைத் தொகுதி 1971இலேதான் வெளிவந்தது. ஓஸ்ரரின் தந்தை மறைத்தவர். ரணசிங்கவின் தந்தையோ மறைத்தவரல்லர். சொல்வதற்குக் காலம் விடப்படாதவர். முன்னதிலே ஆவணம் கிடைத்தவுடன் கதை ஒருவாறு முடிகின்றது. பின்னதிலே ஊர்ப்பெயரும் ஆண்டும் கிடைத்தபின்னும் கல்லறை இல்லை. தாயை விளித்து அவர் எழுதிய ‘ஹொலோகோஸ்ற் 1944’ என்னுங் கவிதை, புதைத்த இடம் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்குகின்றது. அறியாததை அறிந்ததாகக் காட்டாத இந்நேர்மை அக்கவிதைக்குத் தனி வலுவைத் தருகின்றது.

எனினும் அவருடைய ஆற்றல் முழுமையாக வெளிப்படுவது ‘அற் வட் டார்க் பொயின்ற்’ என்னுங் கவிதையிலேயே எனலாம். காலைதோறும் அரலிய மர நிழலில் ஒருவன் அமர்ந்து மரக்குச்சிகளைச் செதுக்கிக் கூராக்குகின்றான். அவ்வளவே நிகழ்ச்சி. அவன் தீங்கு செய்ததாகக் கவிதை கூறவில்லை. பார்க்கும் கண்ணுக்குப் பின்னே எஸ்ஸன் நகரத்துத் தீ எரிகின்றமையால், எளிய தொழில் ஒன்று அச்சமாக மாறுகின்றது. யாரும் எதையும் செய்யவல்லார் என்ற அறிவே அவருக்குக் கிடைத்த பிதிரார்ச்சிதம். கொழும்பு எரிந்த நாட்களைப் பாடும் ‘ஜூலை 1983’ இவ்வறிவை வெளிப்படையாகவே பேசுகின்றது. சான்று என்ற வகையில் அது துணிவு மிக்கது. கவிதை என்ற வகையில் மரநிழற் கவிதைக்கு அடுத்த படியிலேயே நிற்கும். இரு தீயையும் ஒப்பிட்டுக் கூறிவிட்டபின் படிப்பவனுக்குக் காண யாதும் எஞ்சுவதில்லை.

1990 ஓகஸ்டிலே காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வீரமுனையிலும் தந்தையரை இழந்த குழந்தைகள் இன்று நடுவயதினர். குடி அவர்களுக்குத் தாயால் வந்துவிட்டது. தந்தையின் கதையோ இறப்புப் பதிவின் ஒரு வரியளவில் நிற்கின்றது. அவர்களுள் ஒருவர் அக்கதையை எழுத முற்படுவாராயின், கிழிந்த படத்தின் விரல் நுனிகளும் கூராக்கிய குச்சிகளும் அவருக்குப் பயன்படும். குச்சி செதுக்குபவனின் பெயரை ரணசிங்க கூறாமல் விட்டமையும் அவர் கவனித்தற்குரியது.