இம்பீரியல் மார்ச்: வேகம், சுருதி, மனநிலை

இம்பீரியல் மார்ச் என்பது அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் "தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்" (1980) திரைப்படத்துக்காக எழுதிய அணிநடை இசை ஆகும். ஸ்டார் வார்ஸ் வரிசையில் இரண்டாவதாக வந்த இப்படத்தில், டார்த் வேடரையும் அவன் சார்ந்த பேரரசையும் இது குறிக்கிறது. 1977இல் வெளியான முதல் படத்தில் இந்த மெட்டு இல்லை. படம் திரைக்கு வருமுன்பே, 1980 ஏப்ரல் 29 அன்று பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழு இதை மேடையில் வாசித்தது. படத்துக்கான பதிவில் வாசித்தது லண்டன் சிம்பொனி இசைக்குழு, நடத்தியவர் வில்லியம்ஸ். தனி உருப்படியாகக் கேட்டால் இது சுமார் மூன்று நிமிடம் நீளும்.

ஜி மைனர் சுருதி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 103 தட்டுகள், அச்சமூட்டும் மனநிலை என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். ஆனால் இதே சுருதியிலும் வேகத்திலும் அமைந்த வேறு இசை அச்சமூட்ட வேண்டும் என்பதில்லை. அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வேகம்

படைகளின் விரைவு நடைக்கு வாசிக்கப்படும் இசை பொதுவாக நிமிடத்துக்கு 116 முதல் 120 தட்டுகள் வரை செல்லும். வில்லியம்ஸின் அணிநடை அதைவிடச் சற்று நிதானமானது. துரத்தி ஓடுபவனின் வேகம் அல்ல இது. அவசரப்படத் தேவையில்லாதவனின் நடை. மெட்டின் முதல் மூன்று சுரங்களும் ஒரே சுரம், ஒரே அளவு. அவை மூன்று காலடிகள் போல் விழுகின்றன. அடியில் ஓயாமல் ஒலிக்கும் தாள அமைப்பு, முன்னால் நடப்பவனுக்குப் பின்னால் ஒரு படையே வருவதை உணர்த்துகிறது.

சுருதி

மைனர் சுருதி சோகத்தைத் தரும் என்பது பொதுவான எண்ணம். இந்த இசையில் சோகம் இல்லை. காரணம், மெட்டுக்கு அடியில் வரும் இரண்டாவது கார்ட். ஜி மைனரில் இயல்பாகப் பொருந்துவது ஈ-ஃபிளாட் மேஜர் கார்ட். அதில் ஜி என்னும் ஆதார சுரம் அப்படியே நிற்கும். வில்லியம்ஸ் அதற்குப் பதில் ஈ-ஃபிளாட் மைனர் கார்டை வைக்கிறார். அதில் ஜி இல்லை. அரைச்சுரம் இறங்கிய ஜி-ஃபிளாட் இருக்கிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்கள், ஷட்ஜமே ஒரு கணம் இடம் நழுவித் திரும்புவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். மெட்டு உறுதியாக நடக்கிறது. அதன் கீழே தரை விலகி விலகி வருகிறது. அச்சம் பிறக்கும் இடம் இதுவே.

மனநிலை

இதற்கான சான்று பின்னர் வந்த படங்களிலேயே உள்ளது. "ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை" (1983) படத்தில் வேடர் இறக்கும்போது இதே மெட்டு மெல்லிய ஒலியில் வந்து, இறுதியில் ஹார்ப் தந்திகளில் தேய்ந்து மறைகிறது. சுரங்கள் அவையே, ஆனால் பித்தளைக் கருவிகளின் முழக்கமும் படைநடைத் தாளமும் இல்லை. எஞ்சுவது ஒரு தந்தையின் மரணம். "சோலோ" (2018) படத்தில் பேரரசுப் படைக்கு ஆள்சேர்க்கும் விளம்பரத்தில் இது மேஜர் சுருதிக்கு மாறி உற்சாகமாக ஒலிக்கிறது. ஆதார சுரம் நழுவாதபோது அதே மெட்டு பெருமித கீதமாகிவிடுகிறது.

மதிப்பீடு

இந்த அணிநடையின் பலமும் அதிலுள்ள நெருடலும் ஒன்றே. கொடுங்கோன்மையைக் குறிக்க எழுதப்பட்ட இசைக்குக் கேட்பவரின் கால் தானாகத் தாளம் போடுகிறது. விளையாட்டு அரங்குகளில் எதிரணியைக் கிண்டல் செய்யவும் இது ஒலிக்கிறது. அதிகாரம் வெறுப்பூட்டும் முகத்தோடு மட்டுமே வரும் என்று நம்புபவருக்கு, அது ஒழுங்கோடும் மிடுக்கோடும்கூட வரும் என்பதை இந்த இசை காட்டுகிறது. அச்சமும் ஈர்ப்பும் ஒரே நடையில் சேர்ந்து வருவதுதான் இதன் மனநிலை. இதைக் கேட்கும் மாணவர் இரண்டாவது கார்டைக் கவனித்துக் கேட்டால், தாளத்தோடு நடக்கும்போதே காலடியில் தரை அசைவதையும் உணரலாம்.