தெய்வம் கடந்த தடம்

ஜப்பானின் நகானோ மலைநாட்டில், கடல்மட்டத்துக்கு 759 மீட்டர் மேலே இருக்கும் சுவா ஏரி உறைவதில் வியப்பில்லை. உறைந்த பிறகு அது செய்கிற காரியத்தில்தான் நயம். இரவின் கடுங்குளிரில் பனித்தகடு சுருங்கி, ஓசையோடு விரிசல் விடும். அதில் ஏறிய நீர் மெல்லியதாக உறையும். பகலில் சற்றுச் சூடு ஏறியதும் தகடு விரியப் பார்க்கும், இடமிருக்காது. விரிசலில் இருந்த இளம்பனி நொறுங்கி மேலே எழும்பும். சில நாள் இப்படி நடந்தால் கரைக்குக் கரை ஒரு முகடு ஓடும். வெறும் குளிர் தட்டையான தகட்டைத்தான் தரும். முகட்டுக்கு இரவும் பகலும் மாறி மாறி உழைக்க வேண்டும்.

ஊரார் அதை 'ஓமிவதாரி' என்கிறார்கள். தென்கரைத் தெய்வம் வடகரையில் இருக்கும் துணைவியைப் பார்க்க நடந்துபோன தடமாம். அந்தக் குளிரிலும் கிளம்பியிருக்கிறார் என்றால் பிரிவு பொறுக்கவில்லை போலும்.

அவர் கிளம்புவதும் கிளம்பாததும் வெகுதூரத்தில் முடிவாகிறது. சைபீரியாவின் மேல் உயரழுத்தம், அலூஷியன் தீவுகளருகே தாழ்வழுத்தம். இரண்டுக்கும் நடுவே வடமேற்குக் காற்று பாய்கிறது. ஜப்பான் கடலில் முகந்த ஈரத்தை மேற்குச் சரிவுகளிலேயே பனியாகக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாகச் சுவாவுக்கு வருகிறது. மேகமற்ற வானம், தரையின் வெப்பம் இரவெல்லாம் தடையின்றி வெளியேறுகிறது. பசிபிக்கின் நடுப்பகுதி சூடேறும் எல் நினோ வந்தால் இந்த அழுத்த வேறுபாடு பெரும்பாலும் தளர்ந்து குளிர்காலம் மிதமாகிறது. அப்பகுதி குளிரும் லா நினா அதை இறுக்குகிறது. ஏரியின் ஆழம் அதிகபட்சம் ஏழு மீட்டர்தான். ஆழமான ஏரி கோடையின் வெப்பத்தைப் பொத்தி வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடிக்கும். இது அப்படியல்ல, பசிபிக்கின் மனமாற்றம் இதற்கு உடனே தெரிந்துவிடும்.

ஏரி உறைவதையும் முகடு எழுவதையும் 1443 முதல் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று யாத்சுருகி கோயிலின் பூசாரியும் ஊராரும் ஜனவரி விடியல்களில் கரைக்குப் போய் நீரின் வெப்பநிலையை அளக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது, உறையாத ஆண்டையும் அவர்கள் விடாமல் குறித்திருப்பது. தெய்வம் வராததை மறைத்திருந்தால், முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாமல் போனது மூன்றே முறை என்று இன்று சொல்ல முடியுமா? 1955-க்கும் 2004-க்கும் இடையே அது 12 முறை. அடுத்த பத்தாண்டில் ஐந்து.

2018-இல் முகடு எழுந்தது. அதன்பின் 2020 முதல் 2023 வரை மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து லா நினாவாக அமைந்தன. பழைய கணக்குப்படி தெய்வம் நடக்க ஏற்ற காலம். மூன்றிலும் முகடு எழவில்லை. எல் நினோவுக்கும் லா நினாவுக்கும் இடையே ஊசல் இன்னும் ஆடுகிறது. அது தொங்குகிற ஆணியே வெப்பத்தின் பக்கம் நகர்ந்துவிட்டது.