ஒளியை விழுங்கும் கவசம்

புற ஊதா ஒளி பட்டதும் இறுகும் எப்பாக்சி மேற்பூச்சுக்கு உறுதியான வேதியியல் அடித்தளம் உண்டு. 1970களில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ஜேம்ஸ் கிரிவெல்லோ உருவாக்கிய ஓனியம் உப்புகள், ஒளியில் சிதைந்து வீரியமான அமிலத்தைத் தருகின்றன. அந்த அமிலம் எப்பாக்சி வளையங்களைத் திறந்து சங்கிலியாகக் கோக்கிறது. அக்ரிலேட் பூச்சுகளை முடக்கும் ஆக்சிஜன் இதை ஒன்றும் செய்வதில்லை. சுருக்கமும் குறைவு.

இதில் கார்பனின் மிக மெல்லிய வடிவமான கிராஃபீனைக் கலந்தால் என்ன கிடைக்கிறது? 2011இல் டூரின் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வில் பூச்சின் விறைப்பும் வெப்பத்தில் இளகாத தன்மையும் கூடின. ஆதாயம் மெய்தான். கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். ஓர் அணு தடிமனே உள்ள கிராஃபீன் அடுக்கு, தன்மேல் விழும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 2.3 சதவீதத்தை உறிஞ்சுகிறது. புற ஊதாவில் அதைவிட அதிகம். பூச்சை இறுக்க வந்த ஒளியை வலுவூட்ட வந்த பொருளே விழுங்குகிறது. மேற்பரப்பு இறுகியிருக்க, உலோகத்தைப் பற்ற வேண்டிய அடிப்பகுதி அரைகுறையாக நின்றுவிடலாம். விளக்கை அணைத்த பிறகும் வினை தொடரும், சூடேற்றினால் நிறைவுறும் என்பார்கள். சரிதான், ஆனால் சூளையில் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒளியால் இறுக்கியதன் பயன் பெரும்பகுதி போய்விடுகிறது.

கிராஃபீன் கலந்த பூச்சு துருவைத் தடுக்கும் என்ற வாக்குறுதிமீது எனக்கு இன்னும் பெரிய ஐயம். பூச்சுக்குள் கிடக்கும் கிராஃபீன் தகடுகள் நீரின் பாதையை வளைத்து நீட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் கிராஃபீன் மின்சாரம் கடத்தும். இரும்பைத் தொட்டபடி ஈரத்தில் நின்றால் இரும்பைத்தான் அரிக்கவிடும். செம்புமீது நேரடியாகப் படிந்த கிராஃபீன், நாள்பட்டால் வெற்றுச் செம்பைவிட மோசமாக அரிக்கவிட்டதை 2013இல் வந்த ஆய்வுகள் காட்டின. பிசினுக்குள் புதைந்த தகடுகளுக்கு அந்த ஆபத்து குறைவு, இல்லாமலில்லை. மின்கடத்தல் மிகக் குறைந்த கிராஃபீன் ஆக்சைடு இவ்விடத்தில் மேலானது. ஆனால் அது நீரை விரும்பும்.

பல ஆய்வுகளில் எனக்கு ஒப்பாத குறை ஒன்றுண்டு: ஒப்பீடு வெறும் எப்பாக்சியோடு நின்றுவிடுகிறது. அதை வெல்வது எளிது. கண்ணாடிச் செதில் கலந்த எப்பாக்சியோடு ஒப்பிட வேண்டாமா? ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்துக்கு 2011இல் முடிந்த மறுபூச்சு அத்தகையதே. கண்ணாடிச் செதிலும் நீரின் வழியை நீட்டுகிறது. மின்சாரம் கடத்தாது, ஒளியை கிராஃபீன்போல் விழுங்காது.

ஆகவே என் முடிவு இது. சில மைக்ரான் தடிமனுள்ள மெல்லிய பூச்சில், மிகச் சிறிதளவு கிராஃபீன் ஆக்சைடு சேர்ப்பதை ஏற்கலாம். எஃகுக் கட்டுமானங்களின் துருக் காப்புக்கு இதைப் பரிந்துரைக்க முடியாது. உலோகம்வரை கீறிய மாதிரிமீது நீண்டகால உப்புத் தூவல் சோதனை, பூச்சின் அடிப்பகுதியில் அளந்த இறுக்கம், கண்ணாடிச் செதிலோடு நேரடி ஒப்பீடு ஆகிய மூன்றும் ஒரே ஆய்வில் வரும்வரை இந்தத் தீர்ப்பை மாற்றக் காரணமில்லை.