நீலியின் பழியும் பெயர்ப்புச் சிக்கலும்

1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது பனச்சமூடு கேரளத்திலும் கள்ளியங்காடு தமிழகத்திலும் அமைந்தன. நீலி கதையோ இருபுறமும் வழங்குகிறது. மலையாளத்தில் பரவலான வடிவில் அவள் கடமற்றத்துக் கத்தனாரால் அடக்கப்படும் யட்சி. வில்லுப்பாட்டிலோ அவள் முற்பிறவியில் நகைக்காகக் கொல்லப்பட்டவள்; கொன்றவனே வணிகனாகப் பிறந்து வருகிறான். கள்ளிக் கிளையைக் குழந்தையாக்குதல் அவளது மாயம். ஆயினும் அவளுக்கு வெற்றி தருவது அதுவன்று. கைவிடப்பட்ட மனைவியாக ஊரவையில் அவள் உரைக்கும் வழக்கே. அப்பொய்வழக்கினுள் மெய்யான முறையீடொன்று புதைந்துள்ளமையே இப்பாத்திரத்தின் வலிமை. 'நீலிக்கண்ணீர்' என்னும் வழக்குத்தொடர் பொய்மையை மட்டுமே காத்துக்கொண்டது. 'யட்சி' என்னும் பெயர்ப்பிலோ குருதிவேட்கையே எஞ்சுகிறது. 'இசக்கி' யட்சியின் திரிபெனக் கருதப்படினும், குமரி மாவட்டத்தில் அது கோயில்கொண்ட தாயையும் சுட்டும். எனவே மொழிபெயர்ப்பாளர் 'நீலி' என்றே நிறுத்தி, கொலைப்பகுதியைச் சுருக்காது பெயர்த்தலே தகும்.