போல்ட்டுக்கும் துளைக்கும் நடுவே

ஹோண்டா டைப்-ஆர் பைத்தியங்கள் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால், இரண்டாவது தேத்தண்ணி வருவதற்குள் பேச்சு, இன்ஜின் ஹெட்டில் காற்று போய்வரும் வழியான போர்ட்டுக்கு வந்துவிடும். 1995 இன்டெக்ராவின் பி18சி ஹெட்டில் ஹோண்டா ஆள் வைத்து, கையால் போர்ட்டைத் தேய்த்து முடித்தது. டர்போ இல்லாத 1797 சிசியில் 8000 ஆர்பிஎம்முக்கு 200 பிஎஸ் எடுத்தது. சொல்லச் சொல்ல அலுக்காத கதை. எனக்கும் அதில் மனத்தாங்கல் ஒன்றுமில்லை. ஆனால் ஜப்பானிய டியூனிங்கில் எது உசத்தி என்று கேட்டால் நான் போர்ட்டைச் சொல்லமாட்டேன். கேம், பிஸ்டன், எக்ஸாஸ்ட் எதையும் சொல்லமாட்டேன். ஸ்பூன் ஸ்போர்ட்ஸ் விற்கும் ரிஜிட் காலரைச் சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அந்தக் காலரைக் கையில் வாங்கிப் பார்த்தால் வாஷர் என்றுதான் தோன்றும். சப்ஃபிரேம் பாடியோடு சேரும் இடத்தில் இருக்கும் துளை, அதில் போகிற போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரியது. அது தவறு இல்லை. தொழிற்சாலை வரிசையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போது, மயிரிழை பிசகாமல் போல்ட் இறங்கவேண்டும் என்றால் வேலை ஓடாது. அந்தத் தளர்வில் சப்ஃபிரேம் எந்தப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்ததோ, அப்படியே முறுக்கி அனுப்பிவிடுவார்கள். ஒரு வண்டியில் இடப்பக்கம் கொஞ்சம், இன்னொன்றில் வலப்பக்கம் கொஞ்சம். அலைன்மென்ட்காரர் டயரின் கோணத்தைச் சரிசெய்வார். டயரைத் தாங்குகிற சப்ஃபிரேமே தள்ளி உட்கார்ந்திருப்பதை அவர் என்ன செய்ய? காலருக்கு ஒரு கழுத்து உண்டு. கூம்பாக, மென்மையான அலுமினியக் கலவையில். கிரீஸ் தடவி, துளைக்குள் வைத்து, போல்ட்டை முறுக்க முறுக்க அந்தக் கழுத்து நசுங்கி இடைவெளியை நிரப்பும். சப்ஃபிரேம் நடுவுக்கு வந்து நிற்கும்.

இதனால் ஒரு குதிரைசக்திகூட ஏறாது. சத்தம் மாறாது. பானெட்டைத் திறந்து நண்பர்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லை. ஆனால் மழையில் ரவுண்டானாவுக்குள் நுழையும்போது ஸ்டியரிங் உடனே பதில் சொல்லும். வளைவின் நடுவே இன்னொரு தடவை திருத்தவேண்டிய வேலை இருக்காது.

ஸ்பூனைத் தொடங்கிய இச்சிஷிமா தட்சுருவின் புத்தி முழுக்க இப்படித்தான் ஓடும் என்பது என் எண்ணம். 1988-இல் ஆரம்பித்த கடை. தோக்கியோவின் சுகினாமி பகுதியில் இருக்கும் டைப் ஒன் பட்டறையும் அவர்களுடையதுதான். மஞ்சளும் நீலமும் பூசிய சிவிக், நீல ஹெட் கவர், நீலக் காலிப்பர். நிறத்தைப் பார்த்து ஆடம்பரம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஹோண்டா செய்த இன்ஜினைக் கழற்றி, பிஸ்டனையும் ராடையும் எடை பார்த்துச் சமப்படுத்தி, ஒவ்வோர் இடைவெளியையும் அளந்து, திரும்பக் கோர்ப்பது அவர்களுடைய அடிப்படை வேலை. ஹோண்டா பொறியாளர் காகிதத்தில் எழுதிய எண் ஒன்று. வரிசையில் கோர்த்தபோது வந்த எண் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை எடுத்துவிட்டாலே வண்டி ஓடும் என்று நம்புகிற ஆள் அவர். புதிதாக எதையாவது மாட்டுவது அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தில் ஸ்கைலைன்காரர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். ஸ்கைலைன் ஜிடி-ஆரின் டர்போ இன்ஜினான ஆர்பி26-ஐக் குறை சொல்ல நான் ஆள் இல்லை. 1990 முதல் 1993 வரை ஜப்பான் குரூப்-ஏ பந்தயத்தில் ஆர்32 ஜிடி-ஆர் 29 ஓட்டம், 29 வெற்றி. யாமஹாவில் வேலை பார்த்த ஹசேகவா 1973-இல் ஃபியூஜி மலையடியில் தொடங்கிய எச்கேஎஸ் இல்லாவிட்டால் நாம் இன்று டர்போ கிட் என்ற சொல்லையே அறிந்திருப்போமா? டாப் சீக்ரெட் பட்டறையின் நகாதா 1998-இல் இங்கிலாந்துக்கே சுப்ராவைக் கொண்டுபோய், நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் விரட்டி, போலீஸ் கையில் மாட்டியதை இன்றும் சிரித்துக்கொண்டே பேசுகிறோம். எல்லாம் சரி. ஆனால் பூஸ்ட் இருக்கிற இன்ஜினுக்கு ஒரு வசதி உண்டு. கோர்ப்பதில் பத்து பிஎஸ் தொலைந்ததா, பூஸ்ட்டைக் கொஞ்சம் ஏற்றி எடுத்துக்கொள்ளலாம். டர்போ இல்லாத ஹோண்டாவின் பி இன்ஜினில் தொலைந்தது தொலைந்ததுதான். அதனால்தான் இந்த இன்ஜினைக் கோர்க்கிறவன் கை எனக்கு முக்கியம்.

ஹோண்டாக்காரர்களுக்குள்ளேயே இருக்கிற சண்டை தனி. இன்டெக்ரா டைப்-ஆரில் 96 ஸ்பெக்கா, 98 ஸ்பெக்கா? பின்னதில் நாலு நட்டு போய் ஐந்து நட்டு வந்தது, 16 அங்குல வீல் வந்தது, ஃபைனல் டிரைவ் 4.4-இலிருந்து 4.785 ஆனது. சண்டை போடுகிறவர்கள் போடட்டும். இரண்டையும் தாண்டி என் மனசு 1997 சிவிக் ஈகே9-இன் பி16பி பக்கம்தான். 1595 சிசி, 8200-இல் 185 பிஎஸ். பழைய பி16ஏ-யில் சூடேற்றியது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடியில் இருப்பது பி18சியின் உயரமான பிளாக். அதில் 77.4 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் கிராங்கைப் போட்டு, மிச்சம் விழுந்த உயரத்தை 142.4 மில்லிமீட்டர் ராடால் நிரப்பினார்கள். ராடை ஸ்ட்ரோக்கால் வகுத்தால் 1.84. ராடு நீளமானால் அது சாய்கிற கோணம் குறையும். பிஸ்டன் சிலிண்டர் சுவரை இடிக்கிற விசை குறையும். 8400 ஆர்பிஎம்மில் பி18சி பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 24.4 மீட்டர் வருகிறது, பி16பியில் 21.7. கீழே இழுவை கம்மி என்பது உண்மை. ஊருக்குள் மூன்றாவது கியரில் சோம்பேறியாக ஓட்டுகிறவருக்கு பி18சிதான் சரி. மேலே, ஏழாயிரத்துக்கு அப்புறம், பி16பி அலட்டிக்கொள்ளாமல் சுற்றுவதைக் காதால் கேட்டவர்கள் மறுபடி என்னோடு வாதாட வரமாட்டார்கள்.

மலேசியாவில் எங்களுக்கு இந்த இன்ஜின் வந்து சேர்ந்த வழி ஹாஃப்-கட். பாதியாக அறுத்த ஈகே9 முன்பாகம் கன்டெய்னரில் இறங்கும். அதை எடுத்துச் சாதாரண சிவிக்கில் மாற்றுவார்கள். கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஃபோர்மன் ஒருவர் இருந்தார். வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் விடுகிற வால்வ் கேப் வைக்கவேண்டும் என்றால் முதல் நாள் இரவே வண்டியை விட்டுப் போகச் சொல்வார். "சூடா இருந்தா கேஜ் பொய் சொல்லும் தம்பி. காலையில ஆறரைக்கு வா, பாக்கலாம்."

ஆறரைக்குப் போனால் ஹெட் கவர் கழற்றித் தயாராக இருக்கும். கிராங்க் போல்ட்டில் ராட்செட்டைப் போட்டு இடஞ்சுழியாகத் திருப்புவார். பி இன்ஜின் சுற்றுவதே அந்தப் பக்கம்தான். டொயோட்டா, நிசான் பார்த்துப் பழகிய கை வலஞ்சுழியாகத் திருப்பிவிடும் என்று சொல்லிக்கொண்டே திருப்புவார். ஒன்றாம் சிலிண்டர், பிறகு மூன்று, நாலு, இரண்டு. ஒவ்வொன்றிலும் நடு ராக்கரை விரலால் அழுத்திப் பார்ப்பார். அது தனியாக இறங்கி ஏறவேண்டும். ஒட்டிக்கொண்டால், மேல் ஆர்பிஎம்மில் ராக்கர்களைச் சேர்த்துப் பூட்டுகிற விடெக் பின் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஃபீலர் கேஜ். கனமான புத்தகத்தின் நடுவிலிருந்து தாளை உருவுகிற மாதிரி, கேஜ் ஓர் இழுப்போடு வரவேண்டும். இழுப்பு சரியாக வந்ததும் லாக்நட்டை இறுக்குவார். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே ஒரு துளி திரும்பும், இழுப்பு மாறிவிடும். தளர்த்தி, ஸ்க்ரூவை எதிர்ப்பக்கம் ஒரு துளி வைத்து, திரும்ப இறுக்குவார். பதினாறு வால்வுக்கும் இதே பொறுமை. நான் ஒருநாள் அவசரப்படுத்தினேன். "எட்டாயிரத்துல நீதானே மிதிக்கப் போற, நானா?" என்றார். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

இப்போது? அண்மையில் ஒரு பட்டறையில், பெயர் வேண்டாம், வால்வ் கேப் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டேன். "கை உணர்வுதான் சார்" என்றார் அந்த இளைஞர். இன்ஜின் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் லேப்டாப் திறந்திருந்தது. ஆக்சிலரேட்டரை விட்டதும் எக்ஸாஸ்ட்டில் பட்டாசு வெடிக்கிற மாதிரி மேப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்ரோலைக் குழாயில் எரித்து வரும் சத்தத்துக்குக் காசு கொடுக்கிறார்கள். விடெக் ஏறவில்லை என்று வண்டி வந்தால் சொலினாய்டையே மாற்றிவிடுகிறார்கள். அதன் கேஸ்கெட்டில் இருக்கிற சின்ன வலை அழுக்கால் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதற்குக்கூட ஆளில்லை.

கே-ஸ்வாப் மோகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2001-இல் வந்த கே20ஏ நல்ல இன்ஜின். டிசி5 இன்டெக்ராவில் 220 பிஎஸ், பெல்ட்டுக்குப் பதில் செயின், கீழேயும் இழுக்கும் மேலேயும் ஓடும். எண்ணை வைத்துப் பேசினால் பி இன்ஜின் தோற்றுவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆரோக்கியமாக ஓடுகிற பி16பியை இறக்கி மூலையில் போட்டுவிட்டு கே ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மிச்சம் இருப்பதே கொஞ்சம். ஹோண்டா பல பாகங்களை நிறுத்தியாகிவிட்டது. அமெரிக்காவில் இறக்குமதிக்கு வைத்திருக்கும் 25 வருடக் கணக்கு முடிந்ததும் 2022 முதல் அமெரிக்காக்காரனும் ஈகே9-ஐத் தேட ஆரம்பித்துவிட்டான். ஜப்பானிய ஏலத்தில் நம் விலைக்கு இனி நல்லது கிடைக்காது. கிடைப்பதில் பாதி, சிவப்பு எம்ப்ளமும் வெள்ளை பெயின்ட்டும் அடித்த சாதாரண சிவிக். காலரிலும் போலி வந்துவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் உலோகம் கடினம். போல்ட்டை முறுக்கினால் கழுத்து நசுங்காது, இடைவெளி அப்படியே இருக்கும். நசுங்குவதற்காகவே செய்த ஒரு பொருளை நசுங்காத உலோகத்தில் வார்த்து விற்கிறவர்களை என்னவென்று சொல்ல!

கண்ணாடி மாதிரி போர்ட் பாலிஷ் செய்து தருகிறேன் என்று யாராவது உங்களை அழைத்தால், கொஞ்சம் பொறுங்கள். இன்டேக் பக்கம் அவ்வளவு வழவழப்பு வேண்டியதும் இல்லை. சுவரில் லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பெட்ரோல் படிந்து வழியாமல் காற்றோடு கலக்கும் என்று விஷயம் தெரிந்த ஹெட்காரர்கள் சொல்வார்கள். அந்தக் காசில் முதலில் நல்ல ஃபீலர் கேஜ் ஒன்று வாங்குங்கள். வண்டி இரவெல்லாம் ஆறட்டும். வால்வ் கேப் இன்டேக்கில் 0.15 முதல் 0.19 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டில் 0.17 முதல் 0.21. கிராங்கை இடஞ்சுழியாகத்தான் திருப்பவேண்டும். லாக்நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒரு தடவை கேஜை விட்டுப் பாருங்கள்.