செம்பா, நைலானா, எஃகா?

அமெரிக்காவில் பழைய பிக்கப் லாரிகளைப் புதுப்பித்து ஓட்டுபவர்களிடம் ஷெவர்லேயின் ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசைக்குத் தனி மதிப்பு உண்டு. 1947-இல் வந்து 1955-இன் தொடக்கம்வரை தயாரான வண்டிகள் அவை. இவற்றில் ஆயில் பிரஷர் முள்ளை நகர்த்துவது மின்சாரம் அல்ல, எண்ணெயேதான். எஞ்சின் பிளாக்கில் தொடங்கும் மெல்லிய குழாய் ஒன்று முன்தகட்டின் துளை வழியே கேபினுக்குள் நுழைந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டரில் முடிகிறது. இத்தனை ஆண்டுகளில் அது துருப்பிடித்தோ விரிசல் விட்டோ கசியத் தொடங்குவது இயல்பு. அப்போது பலரும் மலிவாகக் கிடைக்கும் நைலான் குழாயை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இந்த வழக்கத்தில் நியாயமும் உண்டு, ஆபத்தும் உண்டு.

முதலில் குழாயின் வேலை என்னவென்று பார்ப்போம். மீட்டருக்குள் இருப்பது பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் போர்டோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. தட்டையாக்கி அரைவட்டமாக வளைத்த சிறு உலோகக் குழல் அது. உள்ளே அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும். அந்தச் சிறிய அசைவைப் பற்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். குழலின் மறுமுனை மூடியிருப்பதால் எண்ணெய் ஓடுவதில்லை, அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. ஆகவே குழாய் செம்பானாலும் நைலானானாலும் எஃகானாலும் முள் காட்டும் அளவு ஒன்றுதான். பொருளைப் பொறுத்து மாறுவது ஆயுளும் ஆபத்தும் மட்டுமே.

அந்த ஆயுளைத் தீர்மானிப்பது நடுக்கம். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஒரு விதமாக ஆடுகிறது, கேபின் சட்டத்தின் மேல் வேறு விதமாக ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குழாய், வண்டி ஓடும் நேரமெல்லாம் வளைந்து நிமிர்கிறது. இந்த அளவுகோலில் நைலானுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். வளைவதால் அது எளிதில் சோர்வதில்லை. பிளேடால் வெட்டலாம், கையால் வளைக்கலாம், தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஒளி ஊடுருவும் வகையாக இருந்தால் உள்ளே எண்ணெய் ஏறியதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அதன் எதிரி வெப்பம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத் தொட்டால் உருகும். தொடாமல் அருகில் கிடந்தாலும் சில ஆண்டுகளில் இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முனையில் நட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் பித்தளை வளையம் குழாயை நெரித்துவிடும். இந்தக் குழாய் அறுந்தால் நிற்பது முள் மட்டும் அல்ல. பம்பு எண்ணெயை அந்த வழியாகவே வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். எஞ்சின் பக்கம் அறுந்தால் சூடான மேனிஃபோல்டின் மேல் எண்ணெய் விழுந்து தீப்பிடிக்கலாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் அறுந்தால் சூடான எண்ணெய் ஓட்டுபவரின் காலில் விழும். கவனிக்காமல் ஓட்டினால் எண்ணெய் வற்றி பேரிங்கும் போகும்.

செம்பு இதற்கு நேர் எதிர். வெப்பத்தைத் தாங்கும், நடுக்கத்தைத் தாங்காது. வளைந்து வளைந்து கடினமாகி, ஒருநாள் நட்டின் விளிம்பில் வெடிக்கும். எஞ்சினுக்கு அருகே ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மாட்டும் பழைய வழக்கம் அந்த வளைவை நீளமாகப் பங்கிடுகிறது. அதனால் முறிவு தள்ளிப்போகும், தவிராது. எஃகு வலியது, ஆனால் அதையும் நேராக பிளாக்கில் திருகினால் நடுக்கம் முழுவதும் இணைப்பின் மேல்தான் இறங்கும். எஞ்சின் முனையில் குட்டையான நெகிழும் ஹோஸ், அங்கிருந்து மீட்டர்வரை உலோகக் குழாய் என்ற அமைப்புதான் இந்தச் சிக்கலுக்குச் சரியான விடை. ஆடும் இடத்தில் ஆடும் பொருள், ஆடாத இடத்தில் உறுதியான பொருள்.

மின் சென்சார் பொருத்திவிட்டால் கேபினுக்குள் எண்ணெயே வராது. பாதுகாப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் 1954 வரையிலான இந்த வண்டிகளில் இருப்பது 6 வோல்ட் மின்சாரம். அதற்குப் பொருந்தும் மீட்டரையும் சென்சாரையும் ஜோடியாகத் தேட வேண்டும். பழைய மீட்டர் வெறும் அலங்காரமாகிவிடும். பழமையைக் காக்க வண்டி வாங்கியவருக்கு இது சிறிய இழப்பு அல்ல.

குழாயை மாற்றும் வழக்கத்தின் பெரிய குறை, நோயைச் சரியாகக் கணிக்காமல் கைவைப்பது. 1953 வரை இந்த லாரிகளில் பரவலாக இருந்த 216 கன அங்குல எஞ்சினில் மெயின், கேம்ஷாஃப்ட் பேரிங்குகளுக்குத்தான் அழுத்தத்தோடு எண்ணெய் போகும். கனெக்டிங் ராடின் அடியில் உள்ள கரண்டிகள் எண்ணெயை அள்ளியும் பீச்சப்படும் எண்ணெயை ஏந்தியும் ராடு பேரிங்குகளுக்குத் தரும். எனவே சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு காட்டுவது அங்கே ஆரோக்கியம். மீட்டரின் உச்சமே 30தான். இதை அறியாதவர் முள் தாழ்ந்திருப்பதைப் பார்த்துக் குழாயையும் பம்பையும் மாற்றுகிறார். 1954-இல் இந்த பிக்கப்களுக்கு வந்த 235 எஞ்சினில் எல்லா பேரிங்குகளுக்கும் அழுத்தத்தோடு எண்ணெய் போகிறது. அதற்கு 60 பவுண்டு மீட்டர் வேண்டும். பழைய வண்டியில் 235-ஐ ஏற்றிவிட்டு 30 பவுண்டு மீட்டரையே விட்டால், முள் கடைசிவரை ஓடி முட்டி நிற்கும், மீட்டரும் கெடும். எந்தக் குழாயும் இதைச் சரிசெய்யாது.

வேலையின் நுட்பமும் குழாயின் பொருளுக்குக் குறைந்தது அல்ல. அதே மீட்டர் கூட்டில்தான் வெப்பமானியும் இருக்கிறது. ஈதர் அடைத்த அதன் நுண்குழாய் பிரிக்க முடியாதது. கூட்டை முரட்டுத்தனமாக இழுத்தால் எண்ணெய்க் குழாயைச் சரிசெய்யப் போய் வெப்பமானியை இழப்போம். மீட்டர் முனையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருக வேண்டும். டெஃப்லான் டேப்பின் துணுக்குகூட குழாயின் சிறு துளையை அடைக்கும். முன்தகட்டின் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் எந்தக் குழாயும் உராய்ந்து அறும்.

எடைபோட்டுப் பார்த்தால், நைலானை மொத்தமாக ஒதுக்கத் தேவையில்லை. மேனிஃபோல்டை விட்டு விலக்கி, கிளிப் போட்டு நிறுத்தி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றத் தயாராக இருப்பவருக்கு அது போதும். மாட்டிவிட்டு மறந்துவிட நினைப்பவருக்கு ஹோஸும் எஃகும் சேர்ந்த அமைப்பே தகும். வெறும் செம்பை நேராக பிளாக்கில் திருகுவது, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், மூன்றிலும் மோசமான தேர்வு.